ஆட்டக்கருவியும் கணினியும்: தமிழ்நாட்டு வீடுகளின் விலைக் கணக்கு

கேமிங் கன்சோல் எனப்படும் நிகழ்பட ஆட்டக்கருவியும் தனிக்கணினியும் வீட்டிலிருந்தபடியே வீடியோ கேம் ஆடப் பயன்படும் மின்னணுக் கருவிகள் ஆகும். இவற்றுள் எது விலை குறைந்தது, எது திறன் மிகுந்தது என்னும் கேள்வி 1970களின் இறுதியிலிருந்து இருந்து வருகிறது. மேலைநாடுகளில் இக்கேள்விக்குக் கிடைத்த விடையும் தமிழ்நாட்டில் கிடைத்த விடையும் ஒன்றல்ல. அங்கு ஆட்டக்கருவி மலிவான பொருளாகவும் கணினி விலை மிகுந்த பொருளாகவும் இருந்தன. தமிழ்நாட்டிலோ சுங்கவரி, அரசின் இலவசத் திட்டங்கள், மின்வெட்டு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவை சேர்ந்து அந்த வரிசையையே மாற்றின. ஒரு கருவியை விளையாட்டுப் பொருள் என்று அழைப்பதா, படிப்புக்கு உதவும் பொருள் என்று அழைப்பதா என்பதே பெரும்பாலும் அதன் விலையை முடிவு செய்தது.

அடிப்படை வேறுபாடு

ஆட்டக்கருவி ஒரே வேலைக்காக வடிவமைக்கப்பட்டது. அதை ஒரு தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைக்க வேண்டும். அதில் இயங்கும் ஆட்டங்களை அதன் நிறுவனத்தின் அனுமதி பெற்றே பிறர் உருவாக்கி விற்க இயலும். ஒவ்வோர் ஆட்டம் விற்கும்போதும் நிறுவனத்திற்கு உரிமப் பங்கு கிடைக்கும். எனவே கருவியைக் குறைந்த லாபத்திலோ, சில வேளைகளில் நட்டத்திலோ விற்று, ஆட்டங்களின் மூலம் ஈடுசெய்வது இத்தொழிலின் வழக்கம்.

தனிக்கணினி பல வேலைகளுக்கானது. அதன் பாகங்களைப் பல நிறுவனங்கள் செய்கின்றன. அவை ஒவ்வொன்றும் தத்தம் பாகத்தின் விலையிலேயே லாபம் ஈட்ட வேண்டும். ஆகவே ஒரே அளவு திறனுள்ள கணினி, ஆட்டக்கருவியைவிடக் கூடுதல் விலையில் இருப்பது இயல்பு. ஆனால் கணினியில் நினைவகத்தையோ வரைகலை அட்டையையோ தனியாக மாற்றலாம். கட்டுரை எழுதலாம், கணக்குப் பார்க்கலாம், நிரல் எழுதவும் பழகலாம்.

உலக அளவில் தொடக்கம்

வீட்டுத் தொலைக்காட்சியில் இணைக்கத்தக்க முதல் வணிக ஆட்டக்கருவியான மேக்னவாக்ஸ் ஒடிசி 1972இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 1977இல் அடாரி நிறுவனத்தின் ஆட்டக்கருவி ஏறத்தாழ 200 டாலருக்கும், அதே ஆண்டில் ஆப்பிள் 2 கணினி 1,298 டாலருக்கும் விற்பனைக்கு வந்தன. ஒரு கணினியின் விலையில் ஆறு ஆட்டக்கருவிகள் வாங்கலாம் என்பது அன்றைய நிலை.

இந்த இடைவெளியை வீட்டுக் கணினிகள் குறைத்தன. 1982இல் 595 டாலருக்கு வந்த கொமடோர் 64 கணினி, போட்டியின் காரணமாக அடுத்த ஆண்டே ஏறத்தாழ 200 டாலருக்கு இறங்கியது. பிள்ளைகளுக்கு வெறும் ஆட்டக்கருவி வாங்குவதைவிட, ஆடவும் படிக்கவும் உதவும் கணினியை வாங்குவதே மேல் என்று கொமடோர் விளம்பரம் செய்தது. 1983இல் வட அமெரிக்காவில் நிகழ்பட ஆட்டத் தொழில் சரிந்ததற்குக் கூறப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று.

அதே 1983 சூலையில் சப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 14,800 யென் விலையில் ஃபேமிகாம் கருவியை வெளியிட்டது. ஃபேமிகாம் என்பது குடும்பக் கணினி என்னும் பொருள்தரும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். 1984இல் அதற்கு ஒரு தட்டச்சுப் பலகையும் பேசிக் நிரல்மொழியும் வந்தன. உள்ளே இருப்பது ஆட்டக்கருவியே ஆயினும் பெயரில் கணினி இருந்தது. பிற்காலத்தில் இந்தியச் சந்தையிலும் இதே உத்தி கையாளப்பட்டது.

இந்தியாவில் தொடக்ககாலம்

இந்தியாவில் 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணினிக் கொள்கை, கணினிகளையும் அவற்றின் பாகங்களையும் இறக்குமதி செய்வதை எளிதாக்கியது. அதே காலத்தில் நடுவண் அரசு, பள்ளிகளில் கணினி அறிவை வளர்க்க 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, பி.பி.சி. மைக்ரோ கணினிகளைத் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு வழங்கியது. 1988இல் பிரித்தானிய இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் கணினியின் உரிமம் பெற்ற இந்திய வடிவம் ஒன்றும் விற்பனைக்கு வந்தது. ஆயினும் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கணினி எட்டாப் பொருளாகவே இருந்தது.

பெரும்பாலான தமிழ்நாட்டுச் சிறுவர்கள் முதலில் தொட்ட கருவி ஃபேமிகாமின் வழிவந்தது. சாமுராய் என்னும் பெயரில் நின்டெண்டோ கருவி இந்தியாவில் விற்கப்பட்டது. அதைவிடப் பரவலாகப் புழங்கியவை லிட்டில் மாஸ்டர், மீடியா, பின்னர் மித்தாஷி போன்ற பெயர்களில் வந்த, அதே அமைப்பைப் பின்பற்றிய கருவிகள். இவற்றில் செருகும் ஆட்டப் பேழையை மக்கள் 'கேசட்' என்றே அழைத்தனர். ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். ஆனால் ஒருசில ஆட்டங்களே திரும்பத் திரும்பப் பட்டியலில் வரும்.

தட்டச்சுப் பலகையுடன் வந்த சில வகைகள் கல்விக் கணினி என்று விற்கப்பட்டன. அவற்றில் தட்டச்சுப் பயிற்சியும் எளிய கூட்டல் கழித்தலும் இருந்தன. பிள்ளை ஆடுவதற்குப் பணம் தரத் தயங்கும் பெற்றோர், படிப்பதற்கு என்றால் தருவார்கள் என்பதை விற்பனையாளர்கள் அறிந்திருந்தனர்.

செயல்திறன்: வேகம் மட்டும் போதாது

செயல்திறனை வேக எண்ணை மட்டும் வைத்து அளக்க முடியாது என்பதற்கு ஃபேமிகாம் நல்ல எடுத்துக்காட்டு. அதன் மையச் செயலி 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. 1981இல் வந்த ஐ.பி.எம். தனிக்கணினியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். எண்ணை மட்டும் பார்த்தால் கணினியே விரைவானது. ஆனால் ஃபேமிகாமில் படம் வரைவதற்கென்றே தனிச் சில்லு ஒன்று இருந்தது. பின்னணிக் காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்துவது அதற்கு எளிய வேலை. ஐ.பி.எம். வகைக் கணினியிலோ மையச் செயலியே திரை முழுவதையும் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. அதனால் காட்சி விட்டுவிட்டு நகர்ந்தது.

1990இல் ஜான் கார்மாக் என்னும் அமெரிக்க நிரலாளர், திரையில் மாறிய பகுதிகளை மட்டும் புதிதாக வரையும் முறையைக் கையாண்டு, கணினியிலும் காட்சியைச் சீராக நகர்த்திக் காட்டினார். அவரும் நண்பர்களும் நின்டெண்டோவின் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' ஆட்டத்தின் ஒரு பகுதியைக் கணினியில் செய்து அந்நிறுவனத்திற்குக் காட்டினர். தன் ஆட்டங்களைக் கணினிக்குத் தர நின்டெண்டோ விரும்பவில்லை. அம்முறையைக் கொண்டு அவர்கள் அதே ஆண்டு 'கமாண்டர் கீன்' ஆட்டத்தை வெளியிட்டனர். 1993இல் 'டூம்' ஆட்டத்தையும் வெளியிட்டனர். 1996க்குப் பின் முப்பரிமாண வரைகலை அட்டைகள் வந்ததும், செயல்திறனில் கணினி முந்தத் தொடங்கியது. ஆனால் அந்த அட்டைகளுக்குத் தனியே பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

18,000 ரூபாய்க் கருவியும் பிரவுசிங் சென்டரும்

1995இல் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவியை ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்தில் ஆட்டக்கருவிகளுக்கு 80 விழுக்காடு இறக்குமதி வரி இருந்தது. இந்திய நிறுவனத்தின் வழியாக வந்தும் கருவியின் விலை 18,000 ரூபாய். அதே ஆண்டில் அமெரிக்காவில் அது ஏறத்தாழ 100 டாலர், அதாவது அன்றைய மாற்று மதிப்பில் 3,500 ரூபாய்க்கும் குறைவு. மேலைநாட்டில் மலிவான பொருள் என்று பெயர் பெற்ற கருவி, இந்தியாவில் செல்வர் வீட்டுப் பொருளாயிற்று. அதனால் பலர் சென்னை பர்மா பஜார் போன்ற இடங்களில் கிடைத்த வெளிநாட்டுக் கருவிகளையும் நகல் கருவிகளையும் நாடினர்.

கணினியின் பாதை வேறுவிதமாக அமைந்தது. சென்னை ரிச்சி தெருவில் பாகங்களைத் தனித்தனியே வாங்கி, அசெம்பிள் செய்து கொள்ளும் வழக்கம் 1990களில் பரவியது. 1995 ஆகத்து 15 அன்று இந்தியாவில் இணையச் சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அடுத்த பத்து ஆண்டுகளில் சிற்றூர்ச் சாலையோரங்களிலும் பிரவுசிங் சென்டர்கள் தோன்றின. அங்கு தேர்வு முடிவு பார்ப்பதும் விண்ணப்பம் நிரப்புவதும் போக, மாலையில் 'கவுண்டர் ஸ்டிரைக்' போன்ற ஆட்டங்களும் நடந்தன.

வாடகைக் கணக்கைப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். மணிக்கு 20 ரூபாய் என்று கொண்டால், 18,000 ரூபாய்க்கு 900 மணி நேரம் ஆடலாம். வாரம் இரண்டு மணி நேரம் ஆடும் ஒரு சிறுவனுக்கு அது எட்டு ஆண்டுகளுக்கு மேல் வரும். மொத்தமாகப் பணம் புரட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளைக்கு, விலை மிகுந்த கணினியே இவ்வாறு மலிவான ஆட்டக்கருவி ஆயிற்று.

அரசு தந்த திரையும் கணினியும்

தமிழ்நாடு அரசின் இரண்டு திட்டங்கள் இந்த ஒப்பீட்டில் தனி இடம் பெறுகின்றன. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. ஆட்டக்கருவிக்குத் தேவையான திரை இதனால் ஏழை வீடுகளிலும் வந்து சேர்ந்தது. அதன்பின் குறைந்த விலை நகல் கருவி ஒன்றை வாங்கினாலே போதும்.

2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனத்தின் வழியாகக் கணினிகள் கொள்முதல் செய்து வழங்கப்பட்டன. ஐந்தாண்டுகளில் 68 லட்சம் மாணவர்கள் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. விண்டோசுடன், சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் அவற்றில் இருந்தது.

தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் 2 ஜிபி நினைவகமே இருந்தது. தனி வரைகலை அட்டை இல்லை. அக்காலத்துப் பெரிய ஆட்டங்களை அவை தாங்கா. 2006இல் இந்தியாவுக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் 360 கருவியேகூட ஆட்டத் திறனில் அவற்றை விஞ்சியது. ஆயினும் பழைய ஆட்டங்களும் சிறிய ஆட்டங்களும் அவற்றில் நன்றாக ஓடின. வீட்டில் முதன்முறையாகக் கணினியைப் பார்த்த தலைமுறைக்கு, ஆட்டமும் தட்டச்சும் கல்லூரி விண்ணப்பமும் ஒரே பெட்டியில் கிடைத்தன. ஆட்டக்கருவி எவ்வளவு மலிவாக இருந்தாலும், விலையின்றிக் கிடைத்த கணினியுடன் அது போட்டியிட இயலவில்லை.

வரிச் சட்டத்தின் பார்வை

ஒரு கருவியை எந்தப் பெயரால் வகைப்படுத்துவது என்பது பணத்தோடு தொடர்புடைய கேள்வி. சோனி நிறுவனம் ஐரோப்பாவில் பிளேஸ்டேஷன் 2 கருவியுடன் பேசிக் நிரல்மொழி ஒன்றைச் சேர்த்துத் தந்தது. அதைக் கணினி என்று காட்டி இறக்குமதி வரியைக் குறைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

இந்தியாவில் இந்த வேறுபாடு பெரிது. தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உலக வணிக உடன்படிக்கையில் இந்தியா 1997இல் இணைந்தது. அதன்படி 2005க்குள் கணினிகளுக்கான அடிப்படைச் சுங்கவரி நீக்கப்பட்டது. ஆட்டக்கருவிகளோ விளையாட்டுப் பொருள்களுடன் சுங்கப் பட்டியலின் 9504 என்னும் தலைப்பில் வைக்கப்பட்டன. 2018 நிதிநிலை அறிக்கை அவற்றின் சுங்கவரியை 10 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக உயர்த்தியது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது ஆட்டக்கருவிக்கு 28 விழுக்காடும் கணினிக்கு 18 விழுக்காடும் விதிக்கப்பட்டன. 2019 சனவரி முதல் ஆட்டக்கருவிக்கும் 18 விழுக்காடு ஆயிற்று.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். 2019 நிலவரப்படி, 100 ரூபாய் மதிப்புள்ள மடிக்கணினியை இறக்குமதி செய்தால் சுங்கவரி இல்லை. 18 விழுக்காடு வரி சேர்ந்து 118 ரூபாய் ஆகும். அதே மதிப்புள்ள ஆட்டக்கருவிக்குச் சுங்கவரி 20 ரூபாய், அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி 2 ரூபாய். இவற்றுடன் 122 ரூபாய்க்கு 18 விழுக்காடு வரி சேர, மொத்தம் 143 ரூபாய் 96 காசு. ஒரே மதிப்புள்ள இரு பொருள்களுக்கிடையே ஏறத்தாழ 26 ரூபாய் வேறுபாடு.

ஆட்டக்கருவியால் வேறு வேலை செய்ய இயலாது என்பதும் முழு உண்மையன்று. 2010இல் அமெரிக்க வான்படையின் ஆய்வகம் 1,700க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3 கருவிகளை இணைத்து ஒரு மீக்கணினியை அமைத்தது. அந்தத் திறனை வேறு வழியில் வாங்கினால் பன்மடங்கு செலவாகும் என்பதே காரணம். ஆனால் அதே ஆண்டில் அக்கருவியில் பிற இயங்குதளங்களை நிறுவும் வசதியைச் சோனி நீக்கிவிட்டது.

ஒரே வகைச் சில்லு, இரு வகைச் செலவு

2013 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 4, கணினிகளில் உள்ள அதே வகை ஏ.எம்.டி. செயலியைக் கொண்டிருந்தது. அதன் விலை 39,990 ரூபாய். 2021 பிப்ரவரியில் வந்த பிளேஸ்டேஷன் 5 கருவியில் எட்டு உள்ளகச் செயலியும் 16 ஜிபி நினைவகமும் இருந்தன. வட்டு இயக்கி உள்ள வகை 49,990 ரூபாய், இல்லாதது 39,990 ரூபாய். அப்போது உலகெங்கும் வரைகலை அட்டைகளுக்குத் தட்டுப்பாடு நிலவியதால், அந்த விலைக்குள் அதற்கு ஈடான கணினியை அசெம்பிள் செய்வது அரிதாக இருந்தது.

ஆனால் கருவியின் விலையோடு செலவு முடிவதில்லை. பிளேஸ்டேஷன் 5 கருவிக்கான பெரிய ஆட்டங்கள் சில 4,999 ரூபாய்க்கு விற்கப்பட்டன. அத்தகைய பத்து ஆட்டங்கள் வாங்கினால் 49,990 ரூபாய், அதாவது இன்னொரு கருவியின் விலை. பெரும்பாலான கட்டண ஆட்டங்களை இணையத்தில் பிறருடன் ஆட ஆண்டுச் சந்தாவும் வேண்டும். கணினியில் அச்சந்தா இல்லை. ஸ்டீம் இணையக் கடையில் 2015 முதல் ரூபாயிலேயே விலை குறிக்கப்படுகிறது. தள்ளுபடிகளும் அடிக்கடி வரும். மறுபுறம், வட்டில் வாங்கிய ஆட்டத்தை ஆடி முடித்தபின் விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். கணினி ஆட்டங்களுக்கு அவ்வசதி இல்லை.

முன்பெல்லாம் ஆண்டுகள் செல்லச் செல்ல ஆட்டக்கருவியின் விலை குறையும். காத்திருந்து வாங்குவோருக்கு அது ஆதாயம். பிளேஸ்டேஷன் 5 அவ்வாறு இறங்கவில்லை. 2022 நவம்பரில் வட்டு இயக்கி உள்ள வகையின் இந்திய விலை 54,990 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

குறிப்பிட்ட ஆட்டம் குறிப்பிட்ட கருவியில் மட்டுமே கிடைக்கும் என்னும் நிலையும் தளர்ந்து வருகிறது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைச் சமையல் வழியாகச் சொல்லும் 'வெண்பா' என்னும் ஆட்டம், 2023 சூலையில் கணினிக்கும் முதன்மையான ஆட்டக்கருவிகளுக்கும் ஒரே நாளில் வெளிவந்தது. 2024இல் அறிமுக ஆட்டத்திற்கான பாஃப்டா விருதையும் பெற்றது. எளிய வரைகலை கொண்ட இவ்வாட்டத்திற்கு விலை உயர்ந்த வரைகலை அட்டை தேவையில்லை.

கிளியனூர்ப் பகுதியின் கணக்கு

விழுப்புரம் மாவட்டத்துக் கிளியனூர், திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் அமைந்த ஊர். கிழக்கே மரக்காணம் உப்பளக் கரை உள்ளது. பெருநகரத்தாருக்கு எழுதப்படும் ஒப்பீடுகளில் இடம்பெறாத சில செலவுகள் இத்தகைய கடலோரப் பகுதிகளில் உண்டு.

முதலாவது, வருமானத்தின் காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பு உற்பத்தி நின்றுவிடும். பாத்திகளைச் சீர்செய்து அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் வேலை மீண்டும் சூடுபிடிக்கும். ஆண்டில் சில மாதங்கள் கூலி இல்லாத வீட்டில், ஒரே தவணையில் 50,000 ரூபாய் கேட்கும் பொருள் எதுவானாலும் கடனில்தான் முடியும்.

இரண்டாவது, மின்சாரம். 2012ஆம் ஆண்டையொட்டிச் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டு இருந்தது. தொலைக்காட்சியை நம்பிய ஆட்டக்கருவியும் மேசைக் கணினியும் அப்போது பயன்படா. மடிக்கணினிக்கு மின்கலம் இருந்தது. 2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இக்கரையைத் தாக்கின. ஃபெஞ்சலின்போது அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. இத்தகைய நாள்களில் மின்சாரமின்றி இயங்கும் கருவியே உதவும்.

மூன்றாவது, உப்புக்காற்று. கடலோரத்தின் ஈரமும் உப்பும் உலோக இணைப்புகளை விரைவில் அரிக்கும். கேசட் வேலை செய்யாதபோது அதன் வாயில் ஊதுவது அன்றைய சிறுவர்களின் வழக்கம். ஊதும்போது படியும் ஈரம் அரிப்பைக் கூட்டவே செய்யும். மென்துணியால் துடைப்பதே சரியான முறை. இன்றைய கருவிகளிலும் காற்றாடி வழியே தூசியும் ஈரமும் உள்ளே செல்லும். கணினி பழுதானால் ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம். திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ அதைச் செய்து தருவார்கள். ஆட்டக்கருவியின் பலகை பழுதானால் பெரும்பாலும் நிறுவனத்தின் பழுதுநீக்கும் மையத்தையே நாட வேண்டும்.

இன்றைய நிலை

2016க்குப் பின் இணையத் தரவின் விலை வீழ்ந்ததும் திறன்பேசியே பெரும்பாலோரின் ஆட்டக்கருவி ஆயிற்று. அதற்குத் திரை தனியாக வேண்டாம். மின்கலமும் உள்ளேயே உண்டு. பிரவுசிங் சென்டர்கள் பல மூடப்பட்டன அல்லது அச்செடுக்கும் கடைகளாக மாறின. தமிழ்நாடு அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்குவதாக அறிவித்தது.

ஆட்டத்திற்கு மட்டும் என்றால், கொடுக்கும் பணத்திற்குக் கூடுதல் திறன் தருவது இன்றும் பெரும்பாலும் ஆட்டக்கருவியே. வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்து, ஒரு பொருள் மட்டுமே வாங்க முடியும் என்றால், திறன் குறைந்தாலும் கணினியே சிக்கனம். கணினி இல்லாத வீட்டில் ஆட்டக்கருவி வாங்கியபின், படிப்புக்கென ஒரு கணினி மீண்டும் வாங்க நேரும். அந்த இரண்டாம் விலையையும் சேர்த்தே ஆட்டக்கருவியின் விலையைக் கணக்கிட வேண்டும். மேலைநாட்டு ஒப்பீடுகள் பெரும்பாலும் வீட்டில் ஒரு கணினி ஏற்கெனவே இருப்பதாக எடுத்துக்கொண்டே தொடங்குகின்றன. தமிழ்நாட்டின் பல வீடுகளுக்கு அந்த முதல் கணினி 2011க்குப் பிறகே, அதுவும் பள்ளிக்கூடத்தின் வழியாகவே வந்து சேர்ந்தது.